அச்சாரம் வாங்கிய கை

ஸ்மோலாந்து, 1907 செப்டம்பர் 10, செவ்வாய்

அன்புள்ள தெக்லா அக்காவுக்கு,

பரணில், காய்ந்த பட்டாணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அப்பாவின் குறட்டை நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். அதனால் எங்காவது ஒரு வரி பாதியில் அறுந்திருந்தால் பயப்படாதே.

சிநேகிதியைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் வருகிறேன் என்றுதானே கிளம்பினாய்? வாரம் தாண்டிவிட்டது. நீ நகரத்தில் வேறு வேலை தேடிப் போயிருக்கிறாய் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். "அந்தப் பேரை இந்த வீட்டுல எவளாவது எடுத்தீங்க, பல்லு இருக்காது" என்கிறார். அம்மா உன் மரக்காலணியை எடுத்து என்னிடம் கொடுத்தாள், அவ்வளவுதான். பெரிதாக இருக்கிறது. முன்னால் வைக்கோல் அடைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

நீ வாங்கிய அச்சாரக் காசு சுவர்க் கடிகாரத்தின் தலையில் அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை. அக்கா, சர்ச் வாசலில் பியோர்க்கா பண்ணை ஆர்விட் ஐயா அதை நீட்டியபோது நீதானே கை நீட்டி வாங்கினாய்? நவம்பர் முதல் ஒரு வருஷம் அவர் தொழுவத்தில் வேலை என்று தெரிந்துதானே வாங்கினாய்? திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாய். லிந்தெல் டீச்சர் உனக்கு அந்த நகரத்து வேலை விளம்பரத்தைச் செய்தித்தாளில் காட்டாமல் இருந்திருக்கலாம் என்று சில சமயம் நினைக்கிறேன். பிறகு, அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று பியோர்க்காவின் பழைய வேலைக்காரி பிளெண்டா சல்லடை இரவல் கேட்டு வந்தாள். அவளோடு பேச வேண்டுமானால் வலப் பக்கம் போய் நிற்க வேண்டும், தெரியும் அல்லவா? "இடது காதுல மாடு உதைச்சிருச்சு" என்று இன்னமும் சொல்கிறாள். அவள் போன பிறகு அம்மா ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்: "எந்த ஊரு மாடுடி காது உயரத்துக்கு உதைக்கும்?"

வருகிறாயா இல்லையா என்று மட்டும் எழுது. டீச்சர் முகவரிக்கே எழுது. பாடப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுப்பார். அடுத்த வருஷம் என்னை நகரப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் பேசப்போவதாகவும் சொன்னார். இப்போது எப்படிப் பேசுவார்?

ஸ்வேயா


நோர்ஷோப்பிங், செப்டம்பர் 16, திங்கள்

அடியே ஸ்வேயா,

உறையைப் பிரித்ததும் பட்டாணித் தூசி வாசனை. பரண் என்று நீ எழுதாவிட்டாலும் தெரிந்திருக்கும். முதலில் மெழுகுவர்த்தியை மூட்டையிலிருந்து தள்ளி வை. வீடு எரிந்தால் அதற்கும் என் பெயர்தான் அடிபடும்.

தொலைபேசி நிலையத்தில் என்னைச் சோதித்தார்கள். சிரிக்காதே: சுவரோரம் நிறுத்திக் கைகளை விரிக்கச் சொல்லி அளந்தார்கள். இணைப்புப் பலகையின் கடைசித் துளைவரை எட்ட வேண்டுமாம். என் கை நீளத்தை இதுவரை எல்லோரும் திட்டத்தானே செய்திருக்கிறார்கள்! அடுத்து டாக்டர். நம் முதுகுப் பக்கம் நின்றுகொண்டு சட்டைப்பைக் கடிகாரத்தை ஒவ்வொரு காதாகக் காட்டுவார். டிக் டிக் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பட்டுக் கையுறை போட்ட ஒரு பெண், நல்ல படிப்பு, மூன்று பாஷை பேசுகிறாள். ஒரு காது மந்தம். அந்த நிமிஷமே தொப்பியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

முடிவு இன்னும் தெரியவில்லை. நீ கேட்டாயே, நீதானே வாங்கினாய் என்று. ஆமாம், நான்தான். மனதோடுதான் வாங்கினேன். அன்றைக்கு எனக்கு முன்னால் இருந்தது ஒரே கதவு. அதற்குள் போகிறேன் என்றேன். இன்னொரு கதவு திறந்திருப்பதைப் பார்த்த பிறகு கால் நிற்க மாட்டேன் என்கிறதடி. ராத்திரியெல்லாம் புரளுகிறேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு ஹக்லுண்ட் அம்மா சொல்கிறாள்: "வாக்கக் காப்பாத்தணும்னா ஊருக்குப் போ. வயித்தக் காப்பாத்தணும்னா இங்க இரு. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து என் கட்டில ஏன் கிறீச்சிட வைக்கிற?"

வாங்கின கையே, மாதக் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழி இல்லை. நம் பக்கத்து வழக்கம் அதுதானே? வேலை கிடைத்தால் வந்து நானே ஆர்விட் கையில் கொடுத்துவிடுவேன். கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு பியோர்க்காவுக்கு நடப்பேன். காசைக் கொண்டு வராமல் விட்டதும் யோசித்துத்தான். கொண்டு வந்திருந்தால் திருடி என்பார்கள். அது நம் வீட்டில் இருக்கும்வரை நான் அதை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

தெக்லா


செப்டம்பர் 23, திங்கள்

அன்புள்ள அக்கா,

நீ நினைத்த அர்த்தம் தப்பு.

நேற்று சர்ச் முடிந்து ஆர்விட் ஐயா வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டவில்லை, தொப்பியையும் கழற்றவில்லை.

"எங்கய்யா உன் பெரிய பொண்ணு?"

"சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கா எஜமான். வந்துருவா," என்றார் அப்பா.

"சிநேகிதிக்கு மீசை இருக்கா?"

அப்பா சிரிக்க முயன்றார். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"காசு எங்க தூங்குது?"

"இங்கதான் எஜமான். அந்தா, கடிகாரத்து மேல."

"மிக்கேல் திருநாள் தாண்டியும் இங்கயே தூங்கிச்சுன்னா, வாங்குனது அவ இல்ல, இந்த வீடு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். நவம்பர் ஒண்ணாந்தேதி எனக்குத் தொழுவத்துல ரெண்டு கை வேணும். யாரு கைன்னு நான் கேக்க மாட்டேன்." பிறகு அடுப்பங்கரைப் பக்கம் தலையை நீட்டினார். "இதுக்கு என்ன வயசு?"

"பதிமூணு. ஸ்கூலுக்குப் போகுது."

"படிச்சு பாதிரியாராகப் போகுதா? மணிக்கட்டப் பாரு, பெரியவள விடத் தடிமன்."

அம்மா கஞ்சியைக் கிளறவில்லை. அடிப்பிடித்து நாறும்வரை அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். அவர் போனதும் நான் கேட்டேன், "அப்பா, முடியாதுன்னு சொல்லக் கூடாதா?" அப்பா கோபப்படவில்லை. "கூரை அவனோடது. கிழங்கு போடுற மண்ணு அவனோடது. முடியாதுன்னு நான் எங்க நின்னு சொல்றது?" என்றார்.

அக்கா, உன் கையை அளந்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வேண்டி முடித்ததும் கிடைக்கக் கூடாது என்றும் தோன்றுகிறது. கடவுளுக்கு எது கேட்டிருக்குமோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிக்கேல் திருநாள். உன்னைக் கட்டாயம் வா என்று கேட்க மாட்டேன் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன்.

கேட்கிறேன்.

ஸ்வேயா


நோர்ஷோப்பிங், செப்டம்பர் 26, வியாழன்

ஸ்வேயா, என் கண்ணே,

கிடைத்துவிட்டது.

இதைப் பெரிதாக எழுதி அடிக்கோடு போடலாம் என்றிருந்தேன். உன் கடிதம் அதற்கு முன்னால் வந்துவிட்டது.

பயிற்சி சனிக்கிழமை காலை தொடங்குகிறது. ஞாயிறு விடுமுறை உண்டா என்று கேட்டேன். மேற்பார்வையாளர் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஞாயித்துக்கிழம யாரும் யாரையும் கூப்புட மாட்டாங்களா பொண்ணே?" முதல் வாரத்தில் ஒரு நாள் தவறினாலும் இடம் அடுத்தவளுக்கு. வெளியே மாடிப்படி முழுக்க அடுத்தவள்கள்தான் நிற்கிறார்கள்.

வந்து கொடுத்துவிட்டுத் திரும்பினால் இந்த வேலை போய்விடும். வராவிட்டால்... மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.

இப்படிச் செய். நீயே காசை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பியோர்க்காவுக்குப் போ. அவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் போ. எல்லோரும் பார்ப்பார்கள். மேஜையில் வை. "தெக்லா திருப்பிக் கொடுக்கச் சொன்னாள்" என்று சொல். அவரோடு வாதாடாதே, திரும்பி நடந்துவிடு. நாம் இருவரும் ஒரே ரத்தம். என் கைக்குப் பதில் உன் கை என்றால் அவர் மறுக்க முடியாது.

அதையும் மீறி மறுத்தால் ஒரே ஒரு வார்த்தை எழுது. "வா" என்று. எதையும் கேட்காமல், பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடி வந்துவிடுவேன். சத்தியம்.

தெக்லா


செப்டம்பர் 29, ஞாயிறு, இரவு
(தபாலில் சேராதது)

அக்கா,

மேஜையில் இடம் இல்லை.

அதை முதலில் சொல்ல வேண்டும். நீ மேஜையில் வைக்கச் சொன்னாய். வைக்கத்தான் போனேன். ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் தட்டு தட்டாக இருந்தன. ரொட்டிக் கூடை, பீர்க் குவளைகள். பண்ணை ஆட்கள் முழங்கையை ஊன்றிக்கொண்டு இருந்தார்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "தெக்லா திருப்பிக் கொடுக்கச் சொன்னா எஜமான்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுந்து வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காசின் மேல் மூடினார். என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்:

"இது யாரு கை?"

"என் கை எஜமான்."

"காசு எங்க இருக்கு?"

"என் கையில."

"யாரு குடுத்தது?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். "எல்லாரும் பாத்தீங்கல்ல? இன்னிக்கு மிக்கேல் திருநாள். பொண்ணு தானா நடந்து வந்து அச்சாரத்த வாங்கிருச்சு."

ஆட்கள் சிரித்தார்கள். ஒருத்தன், "வாத்து தானா வந்து அடுப்புல உக்காந்துச்சு" என்றான். எஜமானி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு காபி ஊற்றிக் கொடுத்தாள். விளிம்பு உடைந்த நீலக் கோப்பையில். அது பிளெண்டாவின் கோப்பை. பிளெண்டா கதவோரம் நின்று, என்ன நடந்தது என்று கேட்பதற்காக வலது காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கையைத் திறந்து காட்டினேன். "உன்ன யாருடி போகச் சொன்னா?" என்று அப்பா கேட்டார். உன் பெயரை நான் சொல்லவில்லை. அவர் கையை ஓங்கினார், பிறகு இறக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. விடியும்முன் அந்தத் தொழுவத்துக்குள் தனியாகப் போக வேண்டும். பிளெண்டாவின் காதை நினைக்கிறேன். அதனால்

வா.

எழுதிவிட்டேன். இவ்வளவு சின்ன வார்த்தையா அது? நீ பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடி வருவாய். படிக்கட்டில் நிற்கிறவள் உன் நாற்காலியில் உட்காருவாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நீ தொழுவத்திலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து என்னைப் பார்ப்பாய். திட்டமாட்டாய். சும்மா பார்ப்பாய்.

குறட்டை நின்றுவிட்


செப்டம்பர் 30, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். மேஜையில் வைத்தேன். ஆர்விட் ஐயா சிரித்துக்கொண்டே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேறு ஊரிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டார்களாம். எஜமானி அம்மா எனக்கு காபிகூடக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்தது. நீ கவலைப்படாமல் வேலையைக் கற்றுக்கொள்.

ஸ்வேயா


நோர்ஷோப்பிங், அக்டோபர் 13, ஞாயிறு

என் தங்கமே,

உன் கடிதத்தை மாடிப்படியிலேயே படித்துவிட்டு ஹக்லுண்ட் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். "விடுடி, எலும்பு நொறுங்குது, நீளக் கைக்காரி!" என்று கத்தினாள்.

தலையில் இரும்புப் பட்டை, காதில் கருப்பு மூடி, முன்னால் நூற்றுக்கணக்கான துளைகள். பலகையில் ஒரு குட்டிக் கதவு விழுந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். நேற்று ஒரு கிழவர், "அம்மா, மழை வருமா?" என்று என்னிடமே கேட்டார். "எந்த எண் வேண்டும்?" என்றேன். "மழைக்கு எண் இருக்கா?" என்கிறார்! சிரிக்கக் கூடாது, சிரித்தால் அபராதம். கன்னத்தைக் கடித்துக்கொண்டேன்.

ஆர்விட் சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்து அவர் சிரித்ததே இல்லை. சரி, மனிதர்கள் மாறுவார்கள்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். உனக்குப் பதினெட்டு ஆகும்போது உன்னை இங்கே கொண்டு வருவேன். என் பக்கத்து நாற்காலி உனக்கு. பரணில் உட்கார்ந்துகொண்டு கீழே குறட்டை நிற்பதைக் கேட்கிற காது உன்னுடையது. டாக்டர் கடிகாரத்தைப் பையை விட்டு எடுக்கும்முன்பே நீ கையைத் தூக்கிவிடுவாய். அதுவரை படி. டீச்சர் சொல்வதைக் கேள்.

தெக்லா


நவம்பர் 17, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் லிந்தெல் டீச்சர் முகவரிக்கு எழுத வேண்டாம். அவருக்கு வேலை அதிகம். பிளெண்டா பியோர்க்காவை விட்டுக் கடைத்தெருச் சத்திரத்தில் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவள் பெயருக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொடுப்பாள்.

பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது. விடியும்முன் எழுந்துவிடுகிறேன். குளிர் அதிகம், ஆனால் உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கும், அவை மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால். உன் மரக்காலணிக்குள் இப்போது வைக்கோல் குறைவாகத்தான் வைக்கிறேன்.

விரல் வெடித்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கிறது. குளிர்தான், வேறொன்றும் இல்லை. மழைக்கு எண் கேட்ட கிழவர் மறுபடி கூப்பிட்டாரா? அவரை நினைத்துக்கொண்டால் காலை வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஸ்வேயா


நோர்ஷோப்பிங், டிசம்பர் 8, ஞாயிறு

அன்புள்ள ஸ்வேயா,

கூடவே ஒரு பொட்டலம் வருகிறது. கனமான கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, முழங்கால்வரை வரும். ஒரு சாக்குத்துணி ஏப்ரன். ஒரு டப்பா களிம்பு. மாட்டு மடி வெடிப்புக்கும் பூசலாம், மனிதக் கைக்கும் பூசலாம், மருந்து ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னார். பள்ளிக்குப் போகிற கையும் வெடிக்கும்தானே. இரவில் பூசித் துணி சுற்றிக்கொண்டு படு.

இந்த முறை உன் கடிதத்தில் பட்டாணி வாசனை இல்லை. வேறு வாசனை இருந்தது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாள்தான் போட்டேன். முன்னாலேயே போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. "என்னடி, மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?" என்று ஹக்லுண்ட் அம்மா கேட்கிறாள். ஆமாம் என்றேன்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை ஸ்வேயா. கேட்டால் நீ சொல்லிவிடுவாய்.

கிழவர் மறுபடி கூப்பிடவில்லை.

தெக்லா


1908 பிப்ரவரி 2, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

களிம்பு ரொம்ப நல்லது. பாதி டப்பா தீர்ந்துவிட்டது. காலுறை சரியாக இருக்கிறது. ஏப்ரன் கொஞ்சம் நீளம், மடித்துக் கட்டிக்கொள்கிறேன். என் அளவைச் சரியாகத்தான் நினைத்துப் பார்த்திருக்கிறாய்.

நீ எதுவும் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஜனவரியில் ஒரு நாள் பால் வாளி கவிழ்ந்துவிட்டது. என் தப்புதான், கை விறைத்திருந்தது. அன்றைக்கு மாடு உதைத்துவிட்டது. அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். எந்த ஊர் மாடு என்று கேட்கவில்லை.

இப்போது சர்ச்சில் பெஞ்சின் இடக் கோடியில் உட்காருகிறேன். அங்கே உட்கார்ந்தால் எல்லோருமே வலப் பக்கம் வந்துவிடுவார்கள். பிளெண்டாதான் சொல்லிக் கொடுத்தாள். அவளும் நானும் பேசிக்கொள்ளும்போது இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வருகிறோம், பார்த்தால் சிரிப்பாய்.

பரணில் இருந்தால் அப்பாவின் குறட்டை சரியாகக் கேட்பதில்லை. அதனால் இங்கே தொழுவத்துத் தீவன அறையிலேயே எழுதுகிறேன். குறட்டை நின்றால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். அந்த டாக்டர் முதுகுப் பக்கம் நின்றுதானே கடிகாரத்தைக் காட்டுவார்? இடப் பக்கம் கொண்டுவரும்போது அவர் சட்டை உரசும், மூச்சு கழுத்தில் படும். அதை வைத்துக் கையைத் தூக்கினால் கண்டுபிடித்துவிடுவாரா? அவர் எவ்வளவு நெருக்கமாக நிற்பார் என்று நினைவுபடுத்தி எழுது.

பக்கத்து நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதே. இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. பழகிக்கொள்வேன்.

ஸ்வேயா